தொட்டிக்குள் கடல்: மீனுக்கு முன்னே நீர்

கடல்மீன் தொட்டி வைக்க விரும்புவோர் பெரும்பாலும் மீனிலிருந்தே தொடங்குகின்றனர். கோமாளி மீனின் வெண்பட்டையிலோ நீல டேங் மீனின் நிறத்திலோ மனம் பறிகொடுத்து, அதற்கேற்ற கண்ணாடித் தொட்டியையும் விளக்கையும் மணலையும் வாங்கிவிட்டு, எந்த நீரை ஊற்றுவது என்ற கேள்வியைக் கடைசியில்தான் கடைக்காரரிடம் கேட்கின்றனர். நன்னீர் மீன் வளர்ப்பில் இந்த வரிசைப் பிழை பல வேளைகளில் மன்னிக்கப்படும். கப்பியும் மோலியும் மழைக்குப் பெருகிக் கோடையில் சுண்டும் நீர்நிலைகளிலும் வாழவல்ல இனங்கள் என்பதால், குழாய்நீரில் குளோரின் நீங்கியிருந்தாலே அவை ஒருவாறு பிழைத்துக்கொள்கின்றன. பவளத்திட்டு உயிர்களின் நிலை வேறு. உப்பின் அளவும் வெப்பமும் காரத்தன்மையும் ஆண்டு முழுவதும் மிகக் குறுகிய எல்லைக்குள் மட்டுமே அசையும் பெருநீர்ப்பரப்பில் உருவான அவற்றுக்கு, இருநூறு லிட்டர் நீரில் ஒரே இரவில் நிகழக்கூடிய மாற்றம் பெரும் அதிர்ச்சியாகிறது. ஆகையால் வீட்டுக் கடல்தொட்டியில் முதலில் வளர்க்கப்பட வேண்டியது நீர். அது நிலைபெற்ற பிறகே அதில் மீன்கள் குடியேற முடியும்.

இந்த நீரைத் தேர்வதில் சென்னை போன்ற கடற்கரை நகரத்தாரின் நிலை சற்று விந்தையானது. நடந்தே சென்று குடத்தில் மொண்டு வரக்கூடிய தொலைவில் வங்கக் கடல் இருந்தும், அந்த நீரைவிட, கடலுக்கு முந்நூறு கிலோமீட்டர் அப்பால் பெங்களூருவில் ஒருவர் தூய நீரில் உப்புக் கலவையைக் கரைத்து உண்டாக்கும் நீரே ஆண்டின் பல மாதங்களில் தொட்டிக்கு ஏற்றதாக அமைகிறது. கடலைக் கண்முன் வைத்துக்கொண்டு கடல்நீரைத் தயாரிப்பது வீண்செலவு என்று கருதுவோர் பலர். அக்கருத்து எந்த இடத்தில் பிழைக்கிறது என்பதை அறியக் கடல்நீரின் இயல்பிலிருந்து தொடங்க வேண்டும்.

வீட்டுக்குள் கடலுயிர்களை வைத்துப் பேணும் முயற்சியின் தொடக்கமே நீர்ச்சிக்கலாகத்தான் இருந்தது. 1846-இல் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள டார்கீயிலிருந்து உயிருள்ள கற்பவளங்களை இலண்டனுக்குக் கொண்டுவந்த ஆன்னா தைன் அம்மையார், கடற்கரையிலிருந்து அடிக்கடி நீர் தருவிக்க இயலாமல், இருந்த நீரையே திறந்த சன்னலருகே பாத்திரத்துக்குப் பாத்திரம் மாற்றி ஊற்றச் செய்தார்; நாள்தோறும் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வரை இவ்வேலையைச் செய்தவர் அவ்வீட்டுப் பணிப்பெண். காற்றிலுள்ள உயிர்வளி நீரில் கலப்பதற்கு இன்று மின்பம்பு செய்யும் பணிதான் அது. 1850-இல் இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலர், நீர்த்தாவரமும் மீனும் நத்தையும் ஒன்றையொன்று தாங்கும் தொட்டியை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார். 1853-இல் இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கான முதல் மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் ஃபிலிப் ஹென்றி காஸ், சமையலுப்புடன் மக்னீசியம் சல்பேட், மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகியவற்றைக் கலந்து செயற்கைக் கடல்நீர் உண்டாக்கும் முறையை எழுதினார். கடலிலிருந்து தொலைவில் இருந்தோரே கடல்நீரின் கூறுகளைக் கூர்ந்து ஆராய நேர்ந்தது இயல்பானதே.

உப்பளத்து உப்பும் கடலுப்பும்

கடல்நீர் ஒரு கிலோகிராமில் சராசரியாக 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. இந்த அளவே உவர்மை எனப்படுகிறது; ஆயிரத்துக்கு இத்தனை பங்கு என்று அது குறிக்கப்படுகிறது. கரைந்துள்ள உப்பில் எடையளவில் ஏறத்தாழ 55 விழுக்காடு குளோரைடும் 30 விழுக்காட்டுக்குச் சற்று மேல் சோடியமும் ஆகும்; எஞ்சியதில் சல்பேட்டும் மக்னீசியமும் கால்சியமும் பொட்டாசியமும் பெரும்பகுதியாக அமைய, பைகார்பனேட், புரோமைடு, ஸ்ட்ரான்சியம் முதலியவை சிறு அளவில் உள்ளன. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த சேலஞ்சர் என்னும் ஆய்வுக்கப்பல் கொண்டுவந்த நீர் மாதிரிகளில் 77-ஐப் பகுத்தாய்ந்த வில்லியம் டிட்மார், கடலுக்குக் கடல் மொத்த உப்பளவு கூடிக் குறைந்தாலும் அதன் முதன்மைக் கூறுகளுக்கு இடையிலான விகிதம் மாறுவதில்லை என்பதை 1884-இல் உறுதிப்படுத்தினார். செயற்கைக் கடல்நீர் என்னும் கருத்து முழுவதும் இந்த மாறா விகிதத்தின் மேல்தான் நிற்கிறது.

அப்படியாயின் கடல்நீரை வற்றவைத்தே எடுக்கப்படும் தூத்துக்குடி உப்பை நல்ல நீரில் கரைத்தால் கடல்நீர் கிடைத்துவிடாதா என்ற ஐயம் எவருக்கும் எழும். கிடைக்காது, காரணம் உப்பளத்தின் செய்முறையிலேயே இருக்கிறது. பாத்திகளில் வெயிலில் வற்றும் நீரின் செறிவை உப்பளத்தார் போமே மானியால் அளந்து டிகிரிக் கணக்கில் சொல்கின்றனர். கடலில் மூன்று மூன்றரை டிகிரியாக இருக்கும் நீர் வற்றத் தொடங்கியதும் முதலில் கால்சியம் கார்பனேட் படிகிறது. பின்னர்ப் பதின்மூன்று டிகிரியை ஒட்டிக் கால்சியம் சல்பேட், அதாவது ஜிப்சம், பிரிந்து அடியில் தங்குகிறது. இருபத்தைந்து டிகிரியை எட்டும்போதுதான் சமையலுப்பாகிய சோடியம் குளோரைடு படிகமாகத் தொடங்குகிறது. முப்பது டிகிரியை நெருங்கும்போது, மக்னீசியமும் பொட்டாசியமும் மிகுந்த கசப்பு நீரை வடித்துவிட்டு உப்பை வாருகின்றனர். நல்ல உப்பு என்பதற்கு உப்பளத்தார் கொள்ளும் இலக்கணமே கால்சியமும் மக்னீசியமும் நீங்கிய வெண்மைதான். கடலுயிருக்கு வேண்டியவற்றை முன்னும் பின்னுமாகக் கழித்துவிட்டு எஞ்சும் ஒரே கூறு அது என்பதால், அதைக் கொண்டு உண்டாக்கும் நீர் நாவுக்குக் கடல்நீராகத் தோன்றினாலும் நத்தைக்கும் இறாலுக்கும் பவளத்துக்கும் கடல்நீர் ஆகாது. கடையில் பொட்டலமாக விற்கும் உப்பிலோ அயோடின் சேர்மமும் கட்டிபடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்களும் கூடுதலாக உள்ளன.

கடல்நீரை எதையும் கழிக்காமல் முழுவதுமாக வற்றச் செய்து அந்தத் தூளைத் திரும்பக் கரைத்தாலும் பயனில்லை. முதலில் படிந்த கார்பனேட் எளிதில் மீண்டும் கரைவதில்லை. ஆகவே கடல்மீன் தொட்டிக்கென விற்கப்படும் உப்புக் கலவை காய்ந்த கடல் அன்று. ஒவ்வொரு சேர்மத்தையும் தனித்தனியே எடுத்து, கரைத்த பின் டிட்மார் கண்ட விகிதம் அமையுமாறு சேர்க்கப்பட்டது. சரியாகக் கரைத்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 410 முதல் 420 மில்லிகிராம் கால்சியமும் 1300 மில்லிகிராமை ஒட்டி மக்னீசியமும் 8.1 முதல் 8.3 வரையிலான பி.எச். மதிப்பும் அதில் இருக்கும். இக்கலவை இந்தியச் சந்தையில் பெரும்பாலும் இறக்குமதியாகவே வருவதால் விலை கூடுதல்தான். தொட்டி வைப்போர் சிக்கனம் பிடிக்கக் கூடாத இடமும் இதுவே.

கரையில் மொள்ளும் நீர்

இயற்கைக் கடல்நீரைப் பயன்படுத்தவே கூடாது என்பதில்லை. மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் போன்ற இடங்களும் கரையோர இறால் குஞ்சுப் பொரிப்பகங்களும் கடலிலிருந்து நேரே நீரேற்றியே நடக்கின்றன. ஆனால் அங்கே நீர் மணல்வடிப்பான்களைக் கடக்கிறது, புறஊதா ஒளியாலோ குளோரினாலோ கிருமி நீக்கப்படுகிறது, தினமும் அளக்கப்படுகிறது, வேண்டாத நாளில் ஏற்றாமல் விடும் அளவுக்குச் சேமிப்புத் தொட்டிகளும் உள்ளன. வீட்டுக்காரரிடம் இருப்பது இரண்டு பிளாஸ்டிக் கேன்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்.

சென்னைக் கரைநீரின் குறை இரு வகைப்பட்டது. ஒன்று பருவத்தால் வருவது. வங்கக் கடலின் வடமுனையில் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீர், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கிழக்குக் கரையை ஒட்டித் தெற்கு நோக்கி ஓடும் நீரோட்டத்தால் தமிழகம் வரை கொண்டுவரப்படுகிறது. தென்கரை மீனவர் நீவாடு என்று சொல்லும் இத்தகைய ஓட்டம், தை மாசிக்குப் பிறகு திசை திரும்பி வடக்கு நோக்கிப் பாயத் தொடங்கும். வடகிழக்குப் பருவமழையும் அதே மாதங்களில் பெய்து ஆறுகளையும் கால்வாய்களையும் நிரப்பிக் கடலில் சேர்ப்பதால், கோடையில் ஆயிரத்துக்கு 33, 34 என நிற்கும் கரைநீரின் உவர்மை மழைக்காலத்தில் 30-க்குக் கீழேயும் இறங்குவதுண்டு. கடலில் இந்த இறக்கம் மெல்ல நிகழ்வதால் அங்குள்ள மீன் விலகிச் செல்லவோ பழகிக்கொள்ளவோ முடியும். நவம்பரில் மொண்ட நீரை அளக்காமல் தொட்டியில் ஊற்றினால் அதே இறக்கம் சில நிமிடங்களில் நிகழ்ந்துவிடுகிறது.

மற்றொன்று நகரத்தால் வருவது. கூவமும் அடையாறும் கடலைச் சேரும் முகத்துவாரங்களுக்கு இடையிலும் அருகிலுமே நகரத்தின் புகழ்பெற்ற கடற்கரைகள் அமைந்துள்ளன. கழிவுநீரோடு வரும் அமோனியாவும் பாஸ்பேட்டும் நோய்க்கிருமியும் மணலில் நின்று பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. வடசென்னைக் கரையில் 2017 சனவரியில் எண்ணூர்த் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதியதாலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்திலும் எண்ணெய் பரவியது. அலை உடையும் இடத்து நீரில் மணலும் வண்டலும் வேறு கலந்திருக்கும். உண்மையிலேயே கடல்நீரைத்தான் பயன்படுத்துவது என்று உறுதிகொண்டவர், மாசி முதல் ஆனி வரையிலான தெளிந்த மாதங்களில், முகத்துவாரங்களிலிருந்து நெடுந்தொலைவு விலகிய ஊரில், கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே செல்லும் ஃபைபர் படகுக்காரரிடம் சொல்லிவைத்து, உணவுக்கேற்ற பிளாஸ்டிக் கலன்களில் நீர் எடுப்பதே முறை. அவ்வாறு எடுத்த நீரையும் அன்றே ஊற்றலாகாது. வெளிச்சம் படாத இடத்தில் இரண்டு மூன்று வாரம் மூடிவைத்தால், அதிலுள்ள மிதவை நுண்ணுயிர்கள் மடிந்து அடியில் படியும். தெளிந்த மேல்நீரை மட்டும் வடிகட்டி, காற்றூட்டி, உவர்மையும் அமோனியாவும் அளந்து பார்த்த பிறகே அது தொட்டிக்குரிய நீராகிறது. இத்தனையும் செய்து முடிக்கையில் சிக்கனம் என்ற வாதம் பெரும்பாலும் கரைந்துபோய்விடுகிறது.

உப்புக் கரைக்கும் நீர்

செயற்கைக் கடல்நீரில் உப்புக்குக் கொடுக்கப்படும் கவனம் அதைக் கரைக்கும் நன்னீருக்குக் கிடைப்பதில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு அந்த நன்னீர்தான். சென்னையின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில், குறிப்பாகக் கடலோரப் பகுதிகளில், கரைந்த திடப்பொருளின் மொத்த அளவு லிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டுவது அரிதன்று. இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீருக்கு ஏற்கத்தக்கதென வகுத்த அளவு 500. டி.டி.எஸ். எனச் சுருக்கிச் சொல்லப்படும் இந்த எண், எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதைச் சொல்லுமேயன்றி எது கரைந்திருக்கிறது என்பதைச் சொல்லாது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இருந்தால் பாசி பெருகும். சிலிக்கேட் இருந்தால் மணலும் கண்ணாடியும் பழுப்பு நிற டயாட்டம் படலத்தால் மூடப்படும். செம்பு சிறிதளவு இருந்தாலும் இறாலும் நத்தையும் பவளமும் மடியும். மாநகரக் குழாய்நீரில் இவற்றோடு குளோரினும் சேர்கிறது.

இதற்கெல்லாம் தீர்வாக அமைவது எதிர்ச் சவ்வூடு பரவல், அதாவது வீடுகளில் ஆர்.ஓ. என வழங்கும் முறை. மிக நுண்ணிய துளைகளைக் கொண்ட சவ்வின் வழியே அழுத்தத்தால் நீரைச் செலுத்தும்போது நீர் மட்டும் கடந்து, கரைந்த பொருள்களில் பெரும்பகுதி பின்தங்கிவிடுகிறது. ஆனால் குடிநீருக்கென விற்கப்படும் கருவிகள் பல, சுவைக்காகத் தாதுக்களை மீண்டும் சேர்க்கும் குப்பியையோ, சுத்திகரிக்காத நீரில் சிறு பங்கைக் கலக்கும் திருகையோ கொண்டுள்ளன. மீன்தொட்டிக்கு நீர் எடுக்கையில் அவற்றை விலக்கி, சவ்வைக் கடந்ததும் வரும் நீரையே எடுக்க வேண்டும். அதன்பின் அயனி மாற்றுப் பிசின் நிரப்பிய குழாய் ஒன்றையும் இணைத்தால் எஞ்சிய உப்புகளும் நீங்கி, டி.டி.எஸ். மானி சுழியத்தைக் காட்டும். கேன் தண்ணீர் இந்த அளவுக்குத் தூயதன்று; ஓரிரு முறை அவசரத்துக்கு உதவலாம், வழக்கமாக்கத் தகாது. ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் நீர் வடிநீரைப் போன்றது என்று பரிந்துரைப்போர் உண்டு. அது செம்புக் குழாய்ச் சுருளின்மேல் குளிர்ந்து வழியும் நீர் என்பதே அதை விலக்கப் போதுமான காரணம்.

ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் தூய நீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளுகிறது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு லாரிக்கும் குடத்துக்கும் வரிசை நின்ற நகரத்தில் இதை எண்ணாமல் கடப்பது அழகன்று; அந்நீரைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் பிடித்து வைக்கலாம். மீஞ்சூரில் 2010 முதலும் நெம்மேலியில் 2013 முதலும் இயங்கும் ஆலைகள் ஒவ்வொன்றும் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீர்க் குடிநீரை நகரத்துக்கு அளிக்கும் திறனுடையவை. அவ்வாறு பெருஞ்செலவில் உப்பு நீக்கப்பட்டுக் குழாய் வழியே வரும் நீரில், வீட்டுக்குள் ஒருவர் இறக்குமதி உப்பைக் கொட்டி மீண்டும் கடலாக்குகிறார் என்பது இந்தப் பொழுதுபோக்கின் வேடிக்கைகளுள் ஒன்று.

கரைக்கும் முறையிலும் ஒழுங்கு உண்டு. தனிக் கலனில் நீரை நிரப்பிச் சிறு பம்பை ஓடவிட்டு, உப்பைச் சிறிது சிறிதாக நீரில் தூவ வேண்டும். மாறாக உப்பின்மேல் நீரை ஊற்றினால், முதலில் நனையும் இடத்தில் செறிவு மிகுந்து கால்சியம் கார்பனேட் வெண்துகளாகப் பிரிந்துவிடும். நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டி 255 லிட்டர் கொள்ளும். கல்லும் மணலும் போக 220 லிட்டர் நீர் என்று கொண்டால் எட்டு முதல் ஒன்பது கிலோ உப்பு தேவைப்படும். ஒரு நாள் முழுவதும் கலக்கியபின் உவர்மையை அளக்க வேண்டும். நீரில் மிதக்கவிடும் மானி ஒப்படர்த்தியைக் காட்டுகிறது. தூய நீரைவிட எத்தனை மடங்கு அடர்ந்தது என்பதே ஒப்படர்த்தி, 25 பாகை வெப்பத்தில் அது 1.026-ஐ ஒட்டியிருந்தால் உவர்மை 35. ஒளி விலகும் அளவைக் கொண்டு கணிக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் இன்னும் நம்பத்தக்கது. எனினும் அதையும் தூய நீரில் மட்டும் சரிபார்க்காமல் 35 உவர்மையுள்ள அளவைக் கரைசலால் அவ்வப்போது சரிபார்ப்பது நல்லது.

இத்தனை துல்லியம் எதற்கு என்பதற்கு உடலியல் விடை தருகிறது. எலும்புள்ள கடல்மீனின் குருதியில் உப்பின் செறிவு சுற்றியுள்ள நீரில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் அதன் உடலிலிருந்து நீர் ஓயாமல் வெளியேற, மீன் கடல்நீரைக் குடித்துக்கொண்டும் மிகை உப்பைச் செவுளின் தனிச்செல்கள் வழியே வெளியேற்றிக்கொண்டும் உயிர்வாழ்கிறது. இப்பணிக்கு ஆற்றல் செலவாகிறது. உவர்மை திடீரெனக் கூடினாலும் குறைந்தாலும் அச்செலவின் கணக்குக் குலைகிறது. முதுகெலும்பற்ற உயிர்கள் பலவற்றுக்கோ இந்தத் தற்காப்பும் இல்லை. சுற்றியுள்ள நீரின் செறிவே அவற்றின் உடல்நீரின் செறிவு என்பதால், உவர்மை மாறுகையில் மீனுக்கு முன்பே அவை வீழ்கின்றன.

தொட்டியும் வெப்பமும்

தொட்டி எவ்வளவு சிறியதோ அவ்வளவு எளிது என்று எண்ணுவது இயல்பு. கடல்தொட்டியில் இது தலைகீழாகிறது. நீர் குறையக் குறைய ஒவ்வொரு மாற்றமும் விரைந்து நிகழும் என்பதால் தொடக்கநிலையினருக்கு இருநூறு லிட்டருக்குக் குறைந்த தொட்டி தகாது. மேற்சொன்ன நான்கடித் தொட்டி கண்ணாடி, கல், தாங்கி எல்லாம் சேர்ந்து முந்நூறு கிலோவைத் தாண்டும். ஆகவே அது அடுக்ககத்தில் சுவரை ஒட்டி, தூண் அல்லது உத்தரத்துக்கு அருகில் நிற்பதே பாதுகாப்பு. வடிகட்டும் கருவிகளை வைக்கக் கீழே சம்ப் எனப்படும் துணைத்தொட்டி அமைப்பது வழக்கம். அதில் முதன்மையானது புரோட்டீன் ஸ்கிம்மர். மீனின் கழிவிலும் மிஞ்சிய உணவிலும் உள்ள கரிமப் பொருள்களுக்கு நீரும் காற்றும் சந்திக்கும் பரப்பில் ஒட்டிக்கொள்ளும் இயல்பு இருப்பதால், நுண்ணிய காற்றுக்குமிழ்களை நீருக்குள் செலுத்தினால் அவை அப்பொருள்களைப் பற்றிக்கொண்டு நுரையாக மேலேறி ஒரு கிண்ணத்தில் வடிகின்றன. உப்புநீரில் குமிழ்கள் மிகச் சிறியனவாக நிற்பதால் கடல்தொட்டிக்கே இக்கருவி முழுப்பயன் தருகிறது.

தமிழகத்தில் தொட்டியைச் சூடேற்றும் கருவிக்கு வேலை அரிது; குளிரூட்டுவதே பாடு. நீர் 24 முதல் 27 பாகைக்குள் இருப்பது உகந்தது. சித்திரை வைகாசியில் அறை வெப்பமே 34, 35 எனச் செல்கையில், பம்பும் விளக்கும் தரும் வெப்பமும் சேர, நீரில் கரையும் உயிர்வளி குறைந்து மீனின் தேவை மட்டும் கூடுகிறது. கடலிலேயே வெப்பம் மீறிய 2010, 2016 கோடைகளில் மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளிறிப்போயின. நீர்ப்பரப்பின்மேல் விசிறி வைத்தால் ஆவியாதலால் சில பாகை குறையும்; ஆனால் சென்னையின் புழுக்கத்தில் அப்பயன் பாதியாகிவிடுவதால், பவளம் வளர்க்க எண்ணுவோர் சில்லர் என்னும் குளிரூட்டியின் விலையையும் அதன் மின்கட்டணத்தையும் முதலிலேயே கணக்கில் சேர்ப்பது நேர்மையானது. மின்தடை நேரும் ஊரில் மின்கலத்தால் இயங்கும் காற்றுப்பம்பும் அந்தக் கணக்கில் அடங்கும்.

காத்திருக்கும் வாரங்கள்

நீர் தெளிந்து உவர்மை சரியாக நின்ற பின்னும் மீனுக்குக் காலம் வரவில்லை. மீன் வெளியேற்றும் அமோனியா நஞ்சு. அதை ஒருவகைப் பாக்டீரியா நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த மாற்றத் தொடரே நைட்ரஜன் சுழற்சி என்று தொட்டி வைப்போர் சொல்வது. அமோனியா நீரில் இரு வடிவங்களில் இருக்கிறது. மின்னேற்றமற்ற வடிவமே கொடியது, அதன் பங்கு பி.எச். உயர உயரக் கூடும். நடுநிலை நன்னீரில் அரை விழுக்காட்டை ஒட்டியிருக்கும் அப்பங்கு, கடல்நீரின் காரத்தில் பத்து மடங்குக்கும் மேலாகிறது. நன்னீர்த் தொட்டியில் தாங்கிக்கொள்ளக்கூடிய அதே அளவு அமோனியா கடல்தொட்டியில் கொல்வதற்கு இதுவே காரணம். பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் போதிய அளவு குடியேற நான்கு முதல் ஆறு வாரமாகும். அதுவரை மீனில்லாத் தொட்டியில் சிறிதளவு அமோனியாவை இட்டு, அமோனியாவும் நைட்ரைட்டும் ஏறிப் பின்னர்ச் சுழியமாகும் வரை சோதனைக் குப்பிகளால் அளந்துவருவதே முறை. வெறும் நீரைப் பார்த்துக்கொண்டிருக்கும் இந்த ஒன்றரை மாதத்தில்தான் பலர் பொறுமை இழக்கின்றனர்.

பாக்டீரியா குடியேறுவதற்கான கல்லைப் பற்றி இந்தியச் சட்டம் தெளிவாகப் பேசுகிறது. பிற நாடுகளில் பவளத்திட்டிலிருந்து பெயர்த்த, உயிர்கள் ஒட்டிய கல்லைத் தொட்டியில் வைக்கும் வழக்கம் உண்டு. 1961-இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் எழுதிய கட்டுரை அம்முறையைப் பரவச் செய்தது. இங்கே 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் கற்பவளங்களும் கடற்குதிரைகளும் கடலட்டைகளும் சேர்க்கப்பட்டன. உயிருள்ளதாயினும் காய்ந்ததாயினும் அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். 1986-இல் 21 தீவுகளைச் சுற்றிக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவில், சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல பத்தாண்டுகள் வெட்டப்பட்ட பவளத்தின் இழப்பு இன்னும் ஈடாகவில்லை. துளைகள் மிகுந்த பீங்கான் கற்களும் வார்ப்புக் கற்களும் கடைகளில் கிடைக்கையில், அவற்றில் பாக்டீரியா சற்றுத் தாமதமாகக் குடியேறும் என்பதைத் தவிர வேறு குறை இல்லை.

மீன் தேர்வு இதன்பின் எளிதாகிறது. குஞ்சுப் பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன் தொடக்கத்துக்கு ஏற்றது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனமும் இவ்வகை மீன்களைப் பொரித்து வளர்க்கும் நுட்பத்தை உருவாக்கியுள்ளன. தொட்டியில் பிறந்த மீன் உருண்டைத் தீவனத்தை உண்ணும், கடற்சாமந்தி இல்லாமலும் வாழும். நீல டேங் மீனின் அழகில் மயங்குவோர் அது நீந்தப் பெரிய இடம் வேண்டும் இனம் என்பதையும், மாண்டரின் மீன் நுண்ணுயிர்ச் சிற்றிரை இல்லாமல் பட்டினி கிடந்து மடியும் என்பதையும் கேட்டறிய வேண்டும். சென்னைக் கொளத்தூரின் மீன்கடைத்தெருவில் மீன் வாங்குவோர், அது உணவெடுப்பதை நேரில் பார்த்த பிறகே வாங்குவதும், வீட்டில் தனித்தொட்டியில் ஒரு மாதம் வைத்துக் கவனிப்பதும் வெண்புள்ளி நோயை உள்ளே விடாமல் தடுக்கும். அந்நோய்க்கு மருந்து செம்பு. முதன்மைத் தொட்டியில் செம்பை இட்டால் இறாலும் நத்தையும் மடிவதோடு கல்லும் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

அன்றாடப் பேணலில் பெரும்பாலோர் பிழைசெய்யும் இடம் ஆவியாதல். நீர் மட்டுமே ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. 220 லிட்டரில் 22 லிட்டர் குறைந்தால் உவர்மை 35-லிருந்து 39-ஐ எட்டும். மட்டம் குறைந்ததைக் கண்டு உப்புநீரை ஊற்றுவோர் அதை இன்னும் ஏற்றிவிடுகின்றனர். ஆவியானதற்கு ஈடாக ஊற்ற வேண்டியது தூய நன்னீர். அதையும் நாள்தோறும் சிறிதளவாக ஊற்ற வேண்டும். நீர் மாற்றுவது வேறு செயல். நைட்ரேட்டைக் குறைக்கவும் செலவான கால்சியம் முதலியவற்றை ஈடுசெய்யவும் இரு வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அதே உவர்மையும் அதே வெப்பமும் உள்ள, முந்தைய நாளே கரைத்து வைத்த நீரை ஊற்றுவது அது.

எடுத்த பழைய நீரைச் செடிக்கு ஊற்றினால் செடி கருகும். கடலிலோ கழிமுகத்திலோ மழைநீர்க் கால்வாயிலோ கொட்டுவது அதனினும் தவறு. 1984-இல் மொனாக்கோவின் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு நேர் கீழே நடுநிலக் கடலில் கண்டறியப்பட்ட காலர்ப்பா டாக்ஸிஃபோலியா என்னும் பாசி, மீன்காட்சியகத் தொட்டிகளில் வளர்க்கப்பட்ட வகையிலிருந்து தப்பியது. பின்னர் அது பல நாட்டுக் கரைகளில் கடற்புல் வெளிகளை மூடிப் படர்ந்தது. மன்னார் வளைகுடாவிலேயே, வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவுப் பவளங்களின்மேல் படர்ந்தது 2008-இல் அறிவியலர்களால் பதிவு செய்யப்பட்டது. ஆதலால் தொட்டியின் கழிவுநீர் வீட்டுப் பாதாளச் சாக்கடையில்தான் சேர வேண்டும்; கத்தரித்த பாசித் துண்டுகளை மொட்டைமாடி வெயிலில் சருகாகக் காயவைத்த பிறகே குப்பையில் போட வேண்டும்.